ஒருவருக்கு ஒரு தாள்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. விடியல் முதல் தூறல். காற்று அறவே இல்லை. மருத்துவமனை கொடுத்த தாளை அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டியது அன்றுதான்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. எனக்கும் நாற்பத்தொரு வயது வரை தெரியாது. மாலைப் பள்ளியில் சேர்ந்து கற்றேன். அதன் பயனாக, மனிதர் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்று ஆராயும் ஒரு நிலையத்தில் வாசிப்பாளர் பணி கிடைத்தது. பொருளியலார், உளவியலார், மெய்யியலார் அங்கே ஒரே மாடியில் இருக்கின்றனர். தேநீர் வேளையில் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வர். மனிதர் எடைபோட்டுத் தேர்கின்றனர் என்பார் ஒருவர். வழுக்கி விழுந்துவிட்டுப் பிறகு காரணம் தேடுகின்றனர் என்பார் மற்றவர். தேர்வு என்பதே உண்டா என்று கேட்கும் மெய்யியலார், தட்டில் எந்த பிஸ்கட்டை எடுப்பது என்று வெகுநேரம் யோசிப்பார்.

என் பணி எளியது. ஆய்வுக்கு வருவோருக்கு ஒரு நோயாளியின் கதையை வாசிக்க வேண்டும். கதை ஒன்று, தாள் இரண்டு. ஒன்றில், இந்தச் சிகிச்சையால் நூற்றில் எழுபது பேர் பிழைப்பர் என்றிருக்கும். மற்றதில், முப்பது பேர் இறப்பர் என்றிருக்கும். கணக்கு ஒன்றே. ஆயினும் முதல் தாளைக் கேட்டவருள் பெரும்பாலோர் தலையாட்டுவர்; இரண்டாவதைக் கேட்டவர் பின்வாங்குவர். ஒருவருக்கு ஒரு தாள்தான், இரண்டையும் காட்டலாகாது என்பது விதி. ஏழு ஆண்டுகளில் நான் அதை ஒருமுறையும் மீறியதில்லை.

அக்காவின் குரல்வளையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிடலாம், பேச்சு போய்விடும். அல்லது அதை விட்டுவைத்துக் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் ‘கரண்டு’, கொடுக்கலாம். நோயாளியே முடிவு செய்யட்டும் என்று மருத்துவர் தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஐந்தாண்டு கழித்து நூற்றில் எத்தனை பேர் இருப்பர், எத்தனை பேர் இரார் என்னும் இரு கணக்கும், இரு சிகிச்சைக்கும், அதில் இருந்தன.

“படிங்க டீச்சரம்மா,” என்றாள் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டே. அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. “நீ படிச்ச படிப்பு இன்னைக்காவது எனக்கு உதவட்டும்.”

“ஆபரேஷன் பண்ணா நூத்துல அறுபத்தெட்டு பேரு உயிரோட இருப்பாங்க. கரண்டு வெச்சா நாப்பத்தி மூணு பேரு செத்துடுவாங்க.”

கத்தி நின்றது. “நாப்பத்தி மூணா? பாதித் தெருவே காலியாயிடுமேடி.” உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். “வெட்டிக்கிறேன். பேசிப் பேசி என்னத்தக் கண்டேன்? உன் மாமா இருந்திருந்தா மேளதாளமே வெச்சிருப்பாரு.”

நான் ஒரு சொல்லும் பொய்யாக உரைக்கவில்லை. கரண்டு வைத்தால் ஐம்பத்தேழு பேர் பிழைப்பர் என்னும் வரி என் விரலுக்குக் கீழேயே இருந்தது. விரலை நான் எடுக்கவில்லை. அவள் கையைத் துடைத்துவிட்டு, தாளோடு வந்திருந்த ஒப்புதல் படிவத்தில் பெருவிரலை வைத்தாள்.

புதன்கிழமை உளவியல் பேராசிரியையிடம் இதைச் சொன்னேன்; பாராட்டுவார் என்றுகூட ஓரளவு எதிர்பார்த்தேன்.

“இன்னொரு கணக்க சொல்லலையா?”

“ஒருத்தருக்கு ஒரு தாள்தானே மேடம்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அது இங்க வர்றவங்களுக்கு. அவங்க கதையக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. இது நெசமான கழுத்து.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எந்தப் பாதியப் படிக்கிறதுன்னு நீங்களாதானே முடிவு பண்ணீங்க?”

நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“ஆபரேஷன் எப்போ?”

“நாளைக்குக் காலைல.”

“அப்ப நேரமிருக்கு.”

வியாழன் காலை, விடுபட்ட வரிகளை ஒரு தாளில் அழகாக எழுதி எடுத்துச் சென்றேன். மருத்துவமனைப் பொதுப்பிரிவின் ஏழாம் கட்டிலில் அக்கா சம்மணமிட்டு அமர்ந்து, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், சந்தையில் தன் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசை முழுவதும் சிரித்தது. நான் தாளைப் பிடித்தபடி நின்றேன். வாசித்தால் அவள் மனம் மாறலாம். மாறினால், அந்த நாற்பத்து மூவரில் ஒருத்தியாகலாம். அவள் இல்லாத வீட்டில் நான் இருக்க முடியாது என்பதைத் திங்கட்கிழமையே எண்ணிவிட்டேன். பேச்சில்லாத உடம்புக்குள் இருக்கப்போவது அவள் என்பதை அப்போது எண்ணவே இல்லை.

தள்ளுவண்டி வந்தது. அவளைப் படுக்க வைத்தனர்.

“என்னடி கையில காகிதம்? ஏதோ சொல்ல வந்தமாதிரி நிக்கிற?”

“உன்கிட்ட அன்னைக்கு…” என்றேன். அவள் காத்திருந்தாள். பேச்சை நிறுத்தி அவள் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

“ஒண்ணுமில்லக்கா.”

“மூஞ்சப் பாரு. வெட்டுறது எனக்கா உனக்கா?” என்றவள் வண்டி தள்ளியவரிடம் திரும்பினாள். “மெதுவாப் போங்கய்யா, பஸ்ஸா பிடிக்கப் போறீங்க?”

அறுவை அறையின் கதவுகள் இரண்டும் ஆடி மூடின. அவற்றின் கண்ணாடி வட்டத்தில் பச்சைத் துணியின் ஓரம் தெரிந்து மறைந்தது. அப்பாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை; குரல் இறுதியில் உயர்ந்ததால், எதையோ கேட்கிறாள் என்று மட்டும் அறிந்தேன். யாரும் விடை சொன்னதாகத் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்டாள். பிறகு குரல் இல்லை. அப்போது மணி ஒன்பது பதினேழு.