உச்சிக்கு முன்னே

கங்காதரன் என்றால் ஒன்பது மணி. கட்டுமரம் கரை தொடுவதில் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான். சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் இதற்காக அவனைக் கேலி செய்யாத வாய் கிடையாது. எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மணி பத்தாகியும் அவன் வரவில்லை.

உடனே தேடிப் போக வேண்டும் என்று கரையில் வந்து நின்றாள் அவன் தங்கை வச்சலா. செங்கல்பட்டுக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறவள். செய்முறைப் பாடத்துக்காக, அண்ணனும் தாய்மாமன் பக்தவச்சலமும் கரை திரும்பும் நேரத்தை இரண்டு மாதம் கவனித்தவள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். வெயில் உச்சிக்கு வராமல் யாரையும் தேடிப் போகக் கூடாது. போனால், உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி வைத்த மாதிரி ஆகிவிடுமாம். ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை, எல்லாருக்கும் ஒரே உச்சிதான்!

"இன்னா அவசரம்? நானே எத்தினி நாளு பன்னெண்டுக்கு வந்துகீறேன்," என்றார் பக்தவச்சலம்.

"மாமா, உன் சராசரியும் ஒம்பது, அண்ணனுதும் ஒம்பது. ஆனா நீ ஒரு நாளு ஏழுக்கு வர்றே, ஒரு நாளு பன்னெண்டுக்கு வர்றே." மணலில் குந்தி விரலால் இரண்டு மேடு வரைந்தாள். ஒன்று தட்டையாக அகன்று கிடந்தது, மற்றது ஒல்லியாக நிமிர்ந்து நின்றது. "இது நீ, இது அண்ணன். நடுவுலேர்ந்து வழக்கமா எவ்ளோ தள்ளிப் போவுதோ, அதான் திட்டவிலக்கம். உனக்கு ஒண்ணரை மணி. அண்ணனுக்குப் பத்தே நிமிசம். அதுல மூணு மடங்கு தாண்டுறது ஆயிரம் நாளுல மூணு நாளுதான். இப்ப ஆறு மடங்கு ஆயிட்ச்சு!"

"காலேஜ் கணக்கு கடலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அண்ணன எனக்குத் தெரியும்!" கத்தியேவிட்டாள். போட்ட கணக்கு தப்பாகிப் போகட்டும் சாமி என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

மாமாவின் மனைவி பூவாயி துடுப்பை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள். "பழி வந்தா எனக்கு வரட்டும். கெளம்புய்யா."

உச்சிக்கு முன்பே மாமாவின் மரம் திரும்பியது. அதில் கங்காதரன் சுருண்டு கிடந்தான். கயிறு அறுந்து மரம் பிரிந்துபோக, ஒற்றைக் கட்டையைப் பிடித்து மிதந்திருக்கிறான். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. "கை வுட்டுப்போச்சு மாமா... உச்சி வரிக்கும் தாங்கியிருக்க மாட்டேன்," என்றான். வச்சலா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பக்தவச்சலம் மணலில் கிடந்த தட்டை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாயிருந்தா எப்ப தேடி வந்திருப்பீங்க?"

வச்சலாவுக்கு விடை தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு மடங்கு.

"பொழுது சாயுற வரிக்கும் நானே கவலப்பட்டிருக்க மாட்டேன்யா," என்றாள் பூவாயி.