தம்பியை நிமிர்த்தியவள்

ஜானுவின் தம்பி சுஹாஸ் யாரையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டான். தோளைக் குறுக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானிடம் பேசுவான். பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களிலும், “பையனுக்கு இஷ்டமில்லையோ?” என்று கேட்டுத் தட்டிக்கழித்துவிட்டார்கள்.

தி.நகரில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலை ஜானுவுக்கு. வருகிறவர் கதவைத் திறந்து நாற்காலியில் உட்காருவதற்குள் பாதி முடிவு செய்துவிடுவாள். அதனால் லாவண்யா என்ற பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்ததும், தம்பியைத் தானே தயார் செய்தாள். மயிலாப்பூர் வீட்டு ஹாலில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்தாள்.

“முதுகை நிமிர்த்து. பேசறச்சே மூஞ்சியைப் பாரு. கையைப் பிசையாதே. இப்படி உக்காண்டிருந்தா எந்தப் பொண்ணுடா சரின்னு சொல்லுவா?”

அவன் சொன்னபடி செய்தான். அடையாறில் ஒரு காபி கடையில் லாவண்யாவைச் சந்தித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சிரித்தான். அன்று மாலையே பெண் வீட்டில் சரி என்றார்கள். நிச்சயதார்த்தமும் நடந்தது. ஜானு பூரித்துப்போனாள்.

அதன்பின் லாவண்யாவைப் பார்க்கப் போகுமுன் ஒவ்வொரு முறையும் அவன் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றான். திரும்பி வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிடுவான். பிறகு ஆபீஸ் வேலை என்று சாக்குச் சொல்லி, போவதையே நிறுத்திவிட்டான்.

“அதான் எல்லாம் நிச்சயமாயிடுத்தே. இனிமே நீ நீயாவே இருக்கலாமேடா” என்றாள் ஜானு.

“நான் நானா இருந்தா போறாதுன்னு நீதானே அக்கா சொன்னே?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஜானுவுக்கு அன்று சாதம் இறங்கவில்லை. மறுநாள் லாவண்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.



“போன தடவை எப்போ கிளம்பலாம்னே பார்த்துண்டிருந்தார். வேற யாரையோ மனசுல வெச்சுண்டிருக்கார்னு நினைச்சேன்” என்றாள் லாவண்யா. “இதை அவரேதான் எங்கிட்ட சொல்லியிருக்கணும்.”

சுஹாஸும் லாவண்யாவும் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்த சுஹாஸ், கல்யாணம் வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னான். அன்று காபி கடையில் பார்த்தவரைத்தான் தனக்குப் பிடித்தது, இவரை இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குள் முகூர்த்தம் வந்துவிடும் என்றாளாம் லாவண்யா.

அப்பா கல்யாணராமன் பெண் வீட்டாரைத் திட்டத் தொடங்கினார்.

“அவா மேல தப்பில்லைப்பா. நான்தான்...” என்று ஜானு ஆரம்பித்தாள்.

“விடு அக்கா. எங்களுக்கு ஒத்துவரலை, அவ்வளவுதான்” என்று சுஹாஸ் முடித்துவிட்டான். அவளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனமில்லை. அதுதான் அவளை இன்னும் குத்தியது.

அப்பா எழுந்து போனதும் அவன் அருகில் போய், “என்னை மன்னிச்சுடுடா” என்றாள்.

“நல்லதுக்குத்தானே சொன்னே” என்றான், தரையைப் பார்த்தபடி. அது அவன் சுபாவமா, தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காததா என்று ஜானுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.