இரண்டரை மணிக்கு மூடிய கடை

விளம்பரங்களுக்கு நடுவே கிடந்த அந்த மின்னஞ்சலை வஹீதா திறந்தபோது மாதம் முடிய நான்கே நாள் இருந்தது. இந்தியாவில் சேவையை நிறுத்துகிறோம், முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கடைகளும் மூடப்படும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று வருடமாக அவளுடைய கடை அந்தக் கம்பெனியின் வெப்சைட்டில்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆம்பூரில் செருப்பு செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வஹீதா செய்தது சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போனவர்களுக்கும், விரல் எடுக்கப்பட்டவர்களுக்கும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. அளவு கொஞ்சம் பிசகினாலும் அந்தக் காலுக்கு வலி தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். ஆயிரத்து நானூறு பேருடைய கால் வரைபடங்கள் அந்த வெப்சைட்டுக்குள் இருந்தன. முன்பு எல்லாம் காகிதத்தில் இருந்தவை. ஒரு மழைக்காலத்தில் குடோனுக்குள் தண்ணீர் வந்ததும் பயந்துபோய், எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் காகிதங்களைத் தூக்கிப்போட்டிருந்தாள்.

ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மேகலா எல்லா விவரங்களையும் டவுன்லோட் செய்தாள். பெயர் வந்தது, போன் நம்பர் வந்தது, முகவரி வந்தது.

"படம் எங்க?" என்றாள் வஹீதா.

"வரலக்கா. படம் ஏத்தற அந்த ஃபார்ம் அவங்களுதாம். ஒவ்வொண்ணா தொறந்து பாக்கலாம், மொத்தமா எடுக்க முடியாதாம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அங்க ஆளே இல்ல. மெஷின்தான் பதில் போடுது."

அன்று மதியமே வஹீதா வேலூருக்குப் பஸ் ஏறினாள். லாங் பஜாரில் ஒரு துணிக்கடை மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கும் ஜோசுவாவின் ஆபீஸ். மூன்று வருடத்துக்கு முன்பு, ஓப்பன் சோர்ஸில், யாரும் காசில்லாமல் எடுத்துச் சொந்தமாக நடத்தக்கூடிய மென்பொருளில், செய்துகொள்ளுங்கள் என்று அவன்தான் முதலில் சொன்னான். "ஓசில கெடைக்கறதுக்கு யாருப்பா பொறுப்பு?" என்று சிரித்துவிட்டு வந்தவள் அவள். இப்போது படியேறும்போது கால் கூசியது. அவன் பழையதை எடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். அதுவே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. இன்னொரு பெரிய கம்பெனியின் விற்பனை ஆள். மூடப்போகும் கடைகளின் பட்டியல் எப்படியோ அவனிடம் போயிருந்தது. எல்லாவற்றையும் நாங்களே மாற்றித் தருகிறோம், எப்போது கூப்பிட்டாலும் ஆள் வரும், மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு ஜோசுவா பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா சொல்ற ஜோசுவா? உன்னுதுல ஆபத்து இல்லயா?"

"இருக்குதுக்கா. அடிக்கடி அப்டேட் பண்ணணும். கவனிக்கலன்னா எவனாவது உள்ள பூந்துடுவான். நான் ஊர்ல இல்லாதப்ப வெப்சைட் படுத்துக்கிச்சின்னா வேற ஆள தேடணும். ஆனா உள்ள இருக்கறது உங்களுது. எடுத்துக்கினு எங்க வேணாலும் போலாம்."

"உங்க ரெண்டு பேர்ல யார நம்பறது?"

"யாரையும் இப்ப நம்பாதீங்க. மொதல்ல படத்த வெளிய எடுங்க."

அவன் எழுதிய புரோகிராம் படங்களை வேகமாகத் திறக்க ஆரம்பித்ததும் வெப்சைட் சந்தேகப்பட்டு அவள் கணக்கையே இரண்டு மணி நேரம் பூட்டியது. அதற்குப் பிறகு கையால்தான். அதிலும் அவள் பணம் கட்டியிருந்த திட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் உள்ளே போகலாம். இருபத்தேழாம் தேதி தையல் மெஷின்களை நிறுத்தினாள். தைக்கும் பெண்கள் முறை வைத்து இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒவ்வொரு வாடிக்கையாளரின் இரண்டு கால் வரைபடத்தையும் திறந்து, திரையைப் படம் பிடித்து, பெயர் போட்டு வைத்தார்கள். அந்த வெப்சைட்டில் கடை வைத்திருந்த எல்லாரும் இதையே செய்தார்களோ என்னவோ, ஒரு பக்கம் திறக்க இரண்டு நிமிடம் ஆனது.

மறுநாள் மதியம்தான் வஹீதாவுக்கு உறைத்தது. அகர வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்து மேகலா," என்றாள். "புண்ணு வந்தவங்க, விரல் போனவங்க, அவங்கள மொதல்ல எடுக்கணும். மத்தவங்க வேற செருப்பு போட்டாலும் பொழச்சுக்குவாங்க."

"யாரு யாருன்னு எப்படிக்கா தெரியும்?"

வஹீதா பெயர்ப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராக டிக் அடித்தாள். சில பெயர்களுக்கு முகம் வரவில்லை. அவற்றைத் தாண்டிப் போனாள். யாருடைய காலை விட்டுவிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

முப்பதாம் தேதி மதியம் இரண்டரைக்குத் திரை வெள்ளையானது. மேகலா திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒன்றும் இல்லை. ஐந்து மணி என்றது கம்பெனி இருக்கும் சிங்கப்பூரின் நேரமாம்; இங்கே அது இரண்டரை. இருநூற்று நாற்பது பேர் பாக்கி. மேகலா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். வஹீதாவுக்கு அழுகைகூட வரவில்லை.

சாயங்காலம் அந்த விற்பனை ஆள் மறுபடியும் கூப்பிட்டான். சரி என்று சொல்லி எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டுவிட்டு ஒரு நாள் தூங்கவேண்டும் போலிருந்தது. அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள். "நாளைக்கு நீங்க மூடிட்டா, படத்தயெல்லாம் மொத்தமா எடுத்துக்க முடியுமா?"

"அந்த நெலமைலாம் வராது மேடம்."

"முடியுமா முடியாதா?"

"அந்த ஃபீச்சர் இப்போதைக்கு இல்ல மேடம்."

போனை வைத்துவிட்டு ஜோசுவாவைக் கூப்பிட்டாள்.

ஜோசுவா செய்து கொடுத்த புதுக் கடை ஒழுங்காகத் திறக்கவில்லை. முதல் வாரம் பணம் கட்டும் இடம் வேலை செய்யவில்லை. ஜோசுவா இரண்டு நாள் உட்கார்ந்து சரி செய்தான். அந்த இரண்டு நாளும் தப்பு செய்துவிட்டோம் என்றே வஹீதா நினைத்தாள். இடையில் விடுபட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, உங்கள் அளவைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னாள். சிலர் வந்தார்கள். சிலர் திட்டினார்கள். எழுபது பேர் போனை எடுக்கவே இல்லை.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து சாமிநாதன் என்கிற விவசாயி எடுத்தார். புதுச் செருப்பு வரவேண்டிய நேரம் தாண்டி, கடையில் வாங்கிய செருப்பைப் போட்டு நடந்திருக்கிறார். வலது குதிகாலில் புண். பஸ்ஸில் வர முடியாது. வஹீதா அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் போனாள்.

கட்டுப் போட்ட காலை அட்டைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டார். "இந்த வாட்டி எங்கம்மா வெச்சிக்கப் போற?"

"எங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம தனியா ஒரு காப்பி எடுத்து பீரோவுல வெப்பேன்." பென்சில் குதிகாலைச் சுற்றி மெதுவாக வந்தது. "உங்க கைலயும் ஒண்ணு குடுத்துட்டுப் போறேங்கய்யா. நான் இல்லன்னாலும் வேற யார்கிட்டயாவது காட்டி செஞ்சுக்கலாம்."

"இந்த புண்ணுக்கு?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஆட்டோ வெளியதான் நிக்குது," என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.