தூர் வாரப்பட்டது

நகராட்சி அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரே ஒரு சாலைதான். இந்த வாசலில் நின்று தும்மினால் அந்த வாசல் காவலாளி திரும்பிப் பார்ப்பார். இருந்தும் நாற்பது வருடமாக இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்ட பங்காளிகள்கூட இவர்களிடம் தோற்றுப்போவார்கள். வருடத்துக்கு ஒரு முறை மாணவர்கள் அளவுகோலும் கையுமாக வந்து வடிகால்களைக் குனிந்து பார்ப்பார்கள். நகராட்சி ஆட்கள் டீயை ஊதிக்கொண்டே, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று சிரிப்பார்கள். அங்கே எழுதிய ஆய்வுகள் அங்கே நூலகத்தில் தூங்கின. இங்கே எழுதிய பதிவேடுகள் இங்கே அலமாரியில் தூங்கின.

புதிதாக வந்த ஆணையருக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு ரோட்டைத் தாண்டத் தெரியாம ரெண்டு பெரிய ஆபீஸா?" என்று கேட்டு, மூன்றே மாதத்தில் ஒப்பந்தம் போட வைத்தார். நகராட்சி தன் வடிகால் பதிவேடுகளை, இனி வருடாவருடம் எழுதுவதையும் சேர்த்து, கொடுக்கும். பல்கலைக்கழகம் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும், எதில் ஏறாது என்று காட்டும் வரைபடம் ஒன்றைச் செய்து தரும். நல்ல காரியம்தான். இந்தக் கதையில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

பதினோரு வருடப் பதிவேடுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையைக் கடந்தவர் வடிகால் மேற்பார்வையாளர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இன்றைக்கும் அக்கா வீட்டில்தான். உறவு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அக்காவும் அத்தானும் மட்டுமே இருந்தார்கள்.

அந்தப் பக்கம் பதிவேடுகளை வாங்கிக்கொண்டது ஓர் இளம் பேராசிரியை. முதல் பதிவேட்டை நகைப்பெட்டி போலத் திறந்து பார்த்தார்.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க சார்! பதினோரு வருஷத்துல ஒரு அடித்தல் திருத்தல் இல்ல."

மேற்பார்வையாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவருடைய எழுத்தை ஒருவர் வாசித்தது அன்றைக்குத்தான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுவோம். ஊரில் மழைநீர் வடிகால்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர் கையில் ஆட்கள் ஒன்பது பேர், வண்டி ஒன்று, அதுவும் மாதத்தில் பாதி நாள் பட்டறையில். மழைக்காலத்துக்கு முன்னால் முட்டி தேய வேலை செய்தாலும் நூறைத் தொடாது. மேலிடத்துக்கு வேண்டியதோ முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆகவே மிச்சத்தை அவர் மேசையில் உட்கார்ந்தபடியே தூர் வாரினார். தேதி, தெரு, நீளம், 'தூர் வாரப்பட்டது, ஆழம் ஒன்றரை மீட்டர்', கையொப்பம். அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். சாப்பிட ஆளே வராத பந்தியில் அது ஒன்றும் கஷ்டமில்லை. பழகப் பழக அவருக்கு அது பொய்யாகவே தோன்றாமல் போயிற்று. அதனால்தான் பதிவேடுகளைக் கொடுத்த அன்றும் உறுத்தவில்லை.

அடுத்த வருடம் வரைபடம் வந்தது. போனைத் திறந்தால் ஊர் முழுக்கத் தெரியும். சிவப்புத் தெருவில் தண்ணீர் ஏறும், மஞ்சளில் ஏறலாம், பச்சையில் ஏறாது. மேற்பார்வையாளர் அதைப் பெரிய தாளில் அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எவ்வளவு படிச்சவங்க சேந்து போட்டது தெரியுமா?" என்று பெருமையடித்தார். சுரைக்காய் பழமொழியை அவர் வாய் அதோடு மறந்தது.

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா போன் செய்தாள். அவள் வீடு செருப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால், தாழ்ந்த தெருவில், தரைத்தளத்தில். பள்ளிச் சீருடைகள் தைப்பது அவள் வேலை. அத்தான் ஓய்வுக்குப் பிறகும் பஸ் டிப்போவில் தினக்கூலி மெக்கானிக்; அன்று வேலைக்குப் போயிருந்தார்.

"தம்பி, வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சுடா. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஸ்கூலுக்குக் கிளம்பறாங்க. நானும் போகவா? வெட்டி வெச்ச துணி எல்லாம் கீழ கிடக்கு. நான் எதுக்குக் கேக்கறேன்னா..."

அவர் போனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பார்த்தார். பச்சை. அவளை முடிக்கவிடாமல் முந்திக்கொண்டார்.

"அக்கா, உன் தெரு பச்சை. தண்ணி ஏறவே ஏறாது. நீ பேசாம துணியை எடுத்துக் கட்டில் மேல வை."

"நிச்சயமாவா?"

"நான் சொல்றேன்ல?"

நாலரை மணிக்குத் தெருவின் பின்பக்க வடிகால் ஆள் உயரத்துக்குப் பொங்கி வீட்டுக்குள் பாய்ந்தது. வெளியே நின்ற தண்ணீர் கதவை அழுத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தள்ளித் திறக்க அறுபத்தைந்து வயதுக் கைகளால் முடியவில்லை. அந்தத் தெருவில் அன்று இறந்தது அக்கா ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நகராட்சியில் கேட்டுச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

அவர் அழுத அழுகையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. பத்தாம் நாள் வேலைக்கு வந்தார். பச்சை என்று காட்டிய ஒன்பது தெருக்களில் தண்ணீர் ஏறியிருந்ததால், மறுநாள் காலையில் இரண்டு தரப்பும் கூடி விசாரிப்பதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் பேராசிரியை அவருடைய அறைக்கு வந்தார். பத்து நாளில் பாதியாக இளைத்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சார், உங்க அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டேன். உங்க முகத்துல முழிக்கவே எனக்கு அருகதை இல்ல."

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க..."

"நான்தான் சார் பண்ணேன். பத்து நாளா கணக்கை வரி வரியாப் பாத்துட்டேன், தப்பு எங்கன்னு பிடிபடல." பையிலிருந்து இந்த வருடப் பதிவேட்டை எடுத்து விரித்தார். "இதோ உங்க அக்கா தெரு வாய்க்கால். மழைக்கு அஞ்சு வாரம் முன்னாடி தூர் வாரியிருக்கீங்க. ஒன்றரை மீட்டர் ஆழம். அவ்வளவு ஆழம் இருந்தா அந்த மழைக்குத் தண்ணி ரோட்டுக்கே வராது. ஆனா வந்திருக்கு. அப்ப என் கணக்குதானே தப்பு? நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கப் போறேன். இந்த வேலையையே விட்டுடலாம்னு இருக்கேன்."

மேற்பார்வையாளர் பேராசிரியையின் விரலுக்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தார். குண்டு குண்டான, அழகான எழுத்து. அவருடைய எழுத்து. அந்தத் தெருவுக்கு வண்டி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்றரை மீட்டர் என்று எழுதிய இடத்தில் முழங்கால் ஆழம்கூட இருந்திருக்காது, அத்தனையும் சேறு.

சுவரைப் பார்த்தார். பதினோரு வருடம் அவர் எழுதிய பொய்தான் பச்சையாகி அங்கே ஒட்டியிருந்தது. அதை அவரே பார்த்து, அவரே நம்பி, அக்காவிடம் சொல்லியிருந்தார். பல்கலைக்கழக வாசல் வழியாகப் போய் வந்ததும் தன் சரக்கு தனக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

சாயங்காலம் அத்தானைப் பார்க்கப் போனார். தையல் இயந்திரத்தைக் கழற்றி, பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார் அத்தான். இனி அதில் தைக்க யாரும் இல்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு அவர் தலைக்கு மேலே ஓடியது.

"வா மச்சான். சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்துவந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது அத்தான் சொன்னார்: "எனக்குன்னு இனிமே நீ ஒருத்தன்தான். ரிட்டயர் ஆனதும் அந்த வாடகை ரூமைக் காலி பண்ணிட்டு இங்கயே வந்துடு. அவளும் அதத்தான் சொல்லிட்டு இருந்தா."

வாயைத் திறந்தால் இந்த வீடும் போகும். மூடிக்கொண்டால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போகும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அன்றிரவு கண்ணை மூடினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

விசாரணைக் கூட்டம் ஆணையர் அறையில். நீள மேசையின் இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் பல்கலைக்கழகம். நடுவே சாலை இல்லாத குறைதான்.

"கணக்குப் போட்டது அவங்க" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

"ஊரை வெச்சிருக்கறது நீங்க" என்றார் பல்கலைக்கழகப் பதிவாளர்.

ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்படியொரு ஒற்றுமை. பேராசிரியை ஒரு தாளோடு எழுந்தார். "தவறு முழுக்க என்..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"டீச்சர், உக்காருங்க" என்றார் மேற்பார்வையாளர். "உங்க கணக்கு சரி. நான் எழுதிக் கொடுத்ததுதான் பொய். அந்த வாய்க்கால்ல மூணு வருஷமா நாங்க கை வைக்கல. வாராமலே வாரினதா எழுதினேன். இது ஒண்ணு மட்டும் இல்ல."

பொறியாளர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆணையர், இதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று எழுத்தருக்குக் கையசைத்தார். பேராசிரியை மட்டும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் தன்னைத் தானே தின்றது வீண் என்று தெரிந்தவருக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. பதிவேட்டை அவர் முன்னால் நகர்த்தினார்.

"எது எது நிஜம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

"எல்லாம் இருக்கு."

"குறிச்சுக் கொடுங்க. மழை இன்னும் முடியல."

மூன்று மணி நேரம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டில் நிஜம் தொண்ணூற்று நான்கு. சாயங்காலத்துக்குள் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வரைபடம் அன்றே மாறியது. முக்கால்வாசி ஊர் சிவப்பு. ஒப்பந்தத்தை யாரும் கிழிக்கவில்லை. அதற்கு நேரமில்லை, இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து மறுநாள் காலையில் வடிகால்களில் இறங்க வேண்டியிருந்தது.

அவருக்கு இறங்க வேண்டிய இடம் வேறு. நேரே அத்தான் வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார்: பதிவேடு, ஒன்றரை மீட்டர், பச்சை, போனில் தான் சொன்ன பதில். அறை விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அத்தான் துடைத்து முடித்த பாகங்களை இயந்திரத்தில் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். திருகைப் பாதியில் நிறுத்தினார்.

"அந்த மேப்பு அவ போன்லயும் இருந்துச்சு மச்சான்."

மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி எனக்குப் பண்ணா. நான் பஸ்ஸுக்கு அடியில கிடந்தேன். 'பச்சைன்னு காட்டுதுங்க, எனக்கு நம்பிக்கை வரல. படிச்சவங்களுக்கு நம்ம வாய்க்காலைப் பத்தி என்ன தெரியும்? தம்பியக் கேட்டுட்டுக் கிளம்பறேன்'னா." திருப்புளியைக் கீழே வைத்தார். "சரி, அவன்கிட்டயே கேளுன்னு நான்தான் சொன்னேன்."