இடது மரை

என் கணவர் பல் டாக்டர். அசையாத எதையும் பலம் கொண்ட மட்டும் நெம்பினால் கையோடு வந்துவிடும் என்பது அவருக்குத் தொழில் கொடுத்த நம்பிக்கை. அதே நம்பிக்கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் கை வைத்தார். மறுநாள் காலை நான் வேலையில் சேர வேண்டும்.

படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கும் வேலை. சொந்தக் கார் இருந்தால்தான் எடுப்போம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். மகள் பிறந்தபோது 'கொஞ்ச நாளைக்கு' என்று விட்ட தொழில். அந்தக் கொஞ்ச நாளில் அவள் வளர்ந்து எனக்கே இங்கிலீஷ் திருத்துகிறாள். இதுவும் கைநழுவினால் இனி என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை.

கார் என் மாமனார் காலத்தது. "பின்னாடி டயர் தேஞ்சு மொழுமொழுன்னு இருக்கு, ஸ்டெப்னியைப் போட்டுத் தரேன்" என்று இவராகவே கிளம்பினார். இடது பின்சக்கரத்து நட்டு அசையவில்லை. வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தார். டப்பென்று, நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் முறிந்து, நட்டோடு உருண்டு போனது. துரு என்றார். அடுத்ததன் மேலும் குதித்தார். அதுவும் முறிந்தது.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த ஸ்டட்களின் முனையைத் துடைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் 'எல்' என்று குத்தியிருந்தது.

"எல்னா என்னங்க?"

"லூஸ் பண்றதுக்குன்னு போட்டிருப்பான்."

"லெஃப்ட்டுங்க. இந்தப் பக்கம் மரை தலைகீழா இருக்கு. கழட்டறேன்னு நீங்க இறுக்கியிருக்கீங்க."

எதிர்ப்பக்கம் திருப்பினேன். மிச்ச மூன்றும் சமர்த்தாகக் கழன்றன. இவர் ஸ்பேனரை முறைத்தார், அதுதான் துரோகம் செய்துவிட்டது மாதிரி.

உதிரிபாகக் கடை மதியத்தோடு மூடிவிடும். என் அண்ணனை விரட்டினோம். அண்ணன் இவருடைய கிளினிக்கில்தான் வேலை செய்கிறான். நோயாளி வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் உத்தியோகம். "மச்சான், இடது பக்கத்துக்கு ரெண்டு ஸ்டட், நட்டோட வாங்கிட்டு வாங்க" என்றார் இவர். அண்ணன் காரின் முன்னால் நின்று அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

அவன் வருவதற்குள் நாங்கள் பிரேக் டிரம்மைக் கழற்றி, முறிந்த இரண்டையும் சுத்தியலால் உள்பக்கமாகத் தட்டித் தள்ளிவிட்டோம். புதியதைப் பின்னாலிருந்து துளையில் நுழைத்து, முன்னால் நாலைந்து வாஷர் போட்டு, நட்டைத் திருப்பி மாட்டி முடுக்கினால், ஸ்டட்டின் தலை மெல்ல மெல்ல இழுபட்டு இடத்தில் போய் உட்காரும். அண்ணன் வந்ததும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நட்டு இடது பக்கம் பிடிக்கவே இல்லை. வலது பக்கம் திருப்பினேன், ஜம்மென்று ஏறியது. அண்ணன் வாங்கி வந்திருந்தது வலது மரை.

"இடதா வலதான்னு கடைக்காரர் கேட்டார். வலதுன்னேன்" என்றான்.

"நான் இடதுன்னுதானே சொன்னேன்?"

"நீங்க இடதுன்னா எனக்கு வலதுதானே மாப்ள? கிளினிக்ல நான் குழாயை எந்தப் பக்கம் வைக்கிறேன்?"

"அது பேஷன்ட்டோட இடதுய்யா."

"காரும் வாயைத் திறந்துக்கிட்டு என்னைப் பாத்துதானே நின்னுச்சு."

இரண்டு பேரும் காரை நடுவில் வைத்துக்கொண்டு, எது யாருடைய இடது என்று வழக்காடினார்கள். ஒருவழியாக இவர் என் பக்கம் திரும்பினார். "சரி விடு. கடையும் பூட்டியிருப்பான். நாளைக்கு ஒரு நாள் வரலைன்னு போன் பண்ணிடு."

அந்தக் குரலில் வருத்தம் இல்லை, நிம்மதி இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நிஜத்தைச் சொல்லுங்க. நான் போகாம இருந்தா உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

அண்ணனுக்குத் திடீரென்று கை கழுவ வேண்டியிருந்தது. உள்ளே போய்விட்டான்.

"வேணும்னு உடைக்கல" என்றார் இவர். "ஆனா உடைஞ்சதும், ஒரு நாளாவது தள்ளிப்போகும்னு தோணுச்சு. நீ இல்லாம வீட்டை எப்படிச் சமாளிப்பேன்னு பயமா இருக்கு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தைப் பார்த்துத்தான் அந்தக் 'கொஞ்ச நாள்' இவ்வளவு நாளானது. கடைக்காரரைப் போனில் பிடித்தேன். ஸ்டட்டின் தடிமனும் நீளமும் ஒன்றுதான், கூடவே கொடுத்த நட்டையே போட்டால் தாராளமாக ஓடும், கழற்றும்போது மட்டும் எது எந்தப் பக்கம் என்று ஞாபகம் வேண்டும் என்றார். மகளின் நகப்பூச்சை எடுத்துவந்து புது நட்டு இரண்டுக்கும் சிவப்பு வைத்தேன்.

"பயமா இருந்தா பரவாயில்ல" என்றேன். "பயந்துக்கிட்டே டயரைத் தூக்கிப் பிடிங்க."

தூக்கிப் பிடித்தார். மூன்றை அந்தப் பக்கமும் இரண்டை இந்தப் பக்கமும் முடுக்கினேன். ஜாக்கியை இறக்கியதும் கேட்டார். "காலையில பாப்பாவுக்குத் தலை பின்றது யாரு?"

"ஊர்ப் பிள்ளைங்க பல்லுக்கெல்லாம் கம்பி கட்டற கைதானே. ஜடை வராதா?"

மறுநாள் நான் காரில் ஏறியபோது மகள் வாசலில் வந்து நின்றாள். ஒரு ஜடை காதுக்கு மேலே தொடங்கியது, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. பின்னியவர் அவளுக்குப் பின்னால் சீப்பும் கையுமாக வேர்த்து நின்றார். இறங்கிப் போய் அவிழ்த்துப் பின்னிவிடக் கை பரபரத்தது. கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.