கண்ணுக்குள் நின்றவள்

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளின் இரண்டு கண்ணிலும், செத்துப்போன மூத்த மகள் நின்றுகொண்டிருந்தாள். நாலு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே தாயின் கருமணிக்குள் பால் கொட்டியதுபோல வெண்மை படர்ந்தது. அதன் நடுவே, கடுகளவில், கவுன் நுனியைக் கடித்தபடி அவள். சட்டை வாங்க வந்தவர்கள் குனிந்து பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். தாய்க்கோ அவளைத் தவிர மற்றதெல்லாம் புகை. துணியைத் தடவித் தடவியே மடிப்பு எடுத்தாள்.

கண் டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. “லென்ஸைக் கட்டுற புரதம் ஒண்ணு இருக்கும்மா. அதுக்கான மரபணுவுல உங்க குடும்பத்துக்கே ஒரு எழுத்து பிசகு. ஒழுங்கா அடுக்கி நிக்க வேண்டியது கட்டிதட்டிப் போகுது. லென்ஸோட நடுப்பகுதி நீங்க பிறக்குறதுக்கு முன்னாடியே உண்டானது, கடைசிவரை மாறாது. அதுல மாட்டினது மாட்டினதுதான்.”

புருஷன் பஸ் கண்டக்டர். பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்து பார்த்தறியாதவன், இப்போது வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவான். “இன்னிக்குச் சிரிக்கிறா,” என்பான். கழுத்து இற்றுப்போனாலும் அவள் சிமிட்டமாட்டாள். தன்னைப் பார்க்கவில்லை என்று தெரியும். கன்னத்தில் அவன் கை இருந்தது. அதுவே போதும் என்றிருந்தாள்.

அடுத்துப் பிறந்தவளுக்குப் பிறவியிலேயே வெள்ளைக் கண். டாக்டரம்மா உடனே அறுவை செய்து சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டார். தவழ ஆரம்பித்த பிள்ளை ஒருநாள் சூடான இஸ்திரிப்பெட்டியில் கையை வைத்துவிட்டது.

“ஏங்க, எனக்கும் எடுத்துடலாம்.”

“அவளை இன்னொரு தடவை தூக்கிக் குடுக்கச் சொல்றியா?”

“இவ கை வெந்தது எனக்கு வாசனையிலதாங்க தெரிஞ்சுது.”

அவன் வெளியே போய் நின்றான். திரும்பி வந்து, “ஒரு கண்ணு மட்டும். ஒண்ணை விட்டுடு,” என்றான். 

வலது கண்ணில் பழையதை உடைத்து உறிஞ்சிவிட்டுப் புது லென்ஸ் வைத்தார்கள். “போறப்ப ஏதாச்சும் சொன்னாளா?” என்று கேட்டாள். “இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா, அவள் தோளில் கை வைத்து. கட்டு பிரித்ததும் முதன்முதலாகச் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் புருஷனை. தலை முழுக்க நரைத்திருந்தது. அதை அவளிடம் யாருமே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் அவளுக்கு இடப்பக்கம்தான் உட்காருவான். ஒருநாளும் வலப்பக்கம் வந்ததில்லை. சின்னவள் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் தாயின் இடது கண்ணுக்கு நேரே நின்று, “அக்கா, போயிட்டு வர்றேன்,” என்பாள். சின்னவளுக்கு ஆறு வயதான வருஷம், இன்னும் நாலு வயதிலேயே நிற்கிறவளைப் பார்த்து, “பாப்பா, போயிட்டு வர்றேன்,” என்றாள். தாய் திருத்த வாயெடுத்தாள். பிறகு, பிள்ளை சொல்வது சரிதானே என்று விட்டுவிட்டாள்.