மூன்று கறுப்பு வில்லைகள்

ஆயுத பூஜைக்கு ஆய்வுக்கூடத்தைக் கழுவித் துடைத்தது நான்தான். உலைக்குப் பொட்டு வைத்தேன், தராசுக்கு வைத்தேன். மேசைமேல் இருந்த மூன்று பீங்கான் கிண்ணங்களை மட்டும் ஏன் விடவேண்டும் என்று, அவற்றின் மூடிகளையும் ஈரத்துணியால் பளிச்சென்று தேய்த்துக் குங்குமம் வைத்தேன். மூடியில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கறை என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை சித்தூரிலிருந்து தபிதா அக்கா வந்தாள். திருப்பதியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள். மூடிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“நம்பர் எங்க?”

அவளோடு ஆராய்ச்சி செய்யும் யோகேஷ்தான் சிரித்தான். “பொட்டு வச்சிக்கினு குந்தினு இருக்குதுங்க. இனிமே மூணும் அம்மன்தான், போ.”

உள்ளே காசு அளவில் மூன்று வில்லைகள், ஒரே கறுப்பு. லாந்தனமும் மாங்கனீசும் சேர்ந்த ஆக்சைடு. ஒன்றில் கலப்பு எதுவும் இல்லை. இன்னொன்றில் லாந்தனத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பதில் ஸ்ட்ரான்சியம். மற்றதில் பத்தில் மூன்று பங்கு. அக்கா பன்னிரண்டு மணி பஸ்ஸில் இவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உள்ள ஒரு கருவியில் இவற்றை அளக்க முறை கிடைப்பதற்கு நான்கு மாதம் காத்திருந்தாள். எது எதுவென்று தெரியாமல் போய்ப் பயனில்லை.

“நான்தான்க்கா அழிச்சிட்டேன்.”

“பர்வாலேது, வுடு. அழுவாத, வில்ல மேல தண்ணி வுழும்.”

நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றை அக்கா முதல் வில்லைக்கு மேலே இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கிண்ணத்தில் ‘டக்’கென்று சத்தம். வில்லை காந்தத்தோடு எழும்பி வந்துவிட்டது.

“அவ்ளோ ஸ்ட்ரான்சியம் இருந்தாத்தான் காந்தத்துல ஒட்டும். இதான் மூணு பங்கு,” என்றாள் அக்கா. நூலை அப்படியே ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, வேறொரு காந்தத்தை மூன்றாவதன் மேல் இறக்கினாள்; அது அசையவே இல்லை.

மிச்சம் இருந்த இரண்டிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தாள். ஒன்றில் மின்தடை ஏகமாக ஏறியது. மற்றதில் அவ்வளவு இல்லை.

“இதுல கரண்டு நடக்க வழி கெடச்சிருக்குது. இதான் ஒரு பங்கு.”

“தப்பா இருந்தா?” என்றான் யோகேஷ்.

“மீட்டருக்கு உன்ன மாரி வாய் கெடையாதுடா.” ஆனாலும் வில்லைகளைத் திருப்பிப்போட்டு மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் அதே பதில். இரண்டையும் தனித்தனித் தாளில் மடித்துப் பேனாவால் எழுதினாள்.

கடைசி வில்லையை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. அது நூல் நுனியில் காந்தத்தோடு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே உலை, அதே கறுப்பு. கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் உள்ளே போய் உட்கார்ந்ததற்கே இப்படி. நான்கு வருடம் இதோடேயே இருந்தவள், இன்றுதான் முதன்முதலில் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யோகேஷ் கத்தவேண்டியிருந்தது.